கித்தாரின் செவி

பாண்டுப் என்னும் பெயரைக் கேட்டதும் மும்பைவாழ் தமிழர்க்கு நினைவில் எழுவன யாவை? நெரிசல் மிகுந்த புகைவண்டி நிலையம். குன்றின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகள். முன்னாளில் ஆக்ரா சாலை என்றும் இந்நாளில் லால் பகதூர் சாஸ்திரி சாலை என்றும் வழங்கும் பெருவழி. அதன் மருங்கில் எழுந்த தொழிற்சாலைகள். இவற்றோடு, கிழக்கே கிடக்கும் உப்பளங்களையும் தாணேக் கடற்கழியையும் நாம் மறத்தல் ஆகாது. அந்த உப்புக் காற்றுக்கும் நமது இன்றைய பேச்சுக்கும் தொடர்பு உண்டு.

வரலாற்றிலும் பாண்டுப்புக்கு ஓர் இடம் உண்டு. பம்பாயையும் தாணேயையும் இருப்புப் பாதையால் இணைக்கலாம் என்னும் எண்ணம், பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கிளார்க்கு என்பாருக்கு 1843ஆம் ஆண்டில் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் தோன்றிற்று என்பர். பத்தாண்டுகள் கழித்து, 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தொலைவு முதற் பயணி வண்டி ஓடிற்று. இருப்புப் பாதை வந்தது. பின்னர்த் தொழில் வந்தது. தொழிலைத் தேடி நம்மவரும் வந்தனர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியதுபோலவே பாண்டுப்பிலும் தமிழர் குடியேறினர். வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இசையையும் உடன் கொண்டு வந்தனர்.

அவ்வாறு வந்த குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பழைய பேஸ் கித்தார் ஒன்றைக் கொண்டு வந்தார். அமெரிக்க நாட்டில் 1960களில் செய்யப்பட்டது அது. ஒரு கப்பல் மாலுமியிடமிருந்து 1970களில் வாங்கியதாகச் சொன்னார். கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் மெல்லிசைக் குழுவோடு இருந்து நாற்பது ஆண்டுகள் அதை வாசித்தவர் அவர். ஒரு மழைக்காலத்தின் முடிவில் உறையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, கருவி தன் குரலை இழந்திருந்தது. தந்தியை மீட்டினால், தகரத்தில் நகத்தால் கீறியது போன்ற மெல்லிய ஓசை மட்டுமே கேட்டது. பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் வந்து பார்த்து, "இது செத்துப்போன பொருள், மரத்துக்கு வேண்டுமானால் விலை தரலாம்" என்றாராம். பெரியவரும் பாதி மனத்தோடு இசைந்துவிட்டார். "கொடுத்துவிடுவதற்கு முன் ஒருமுறை நீங்கள் பார்த்துவிடுங்கள்" என்பதுதான் அவர் நம்மிடம் வைத்த வேண்டுகோள்.

அக்கருவிக்கு நேர்ந்தது இன்னதென்று அறிய வேண்டுமானால், அது கேட்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். வீணைக்குக் குடம் உண்டு. தம்புராவுக்கும் குடம் உண்டு. தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தருவது அக்குடமே. மின்சாரக் கித்தாருக்கோ குடம் இல்லை. அதன் உடல் முழுமரம். தந்தியின் அதிர்வை அறிவதற்கு அதன் நடுவே சிறு உறுப்பு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிக்அப் என்று பெயர். அது கருவியின் செவி எனலாம்.

அச்செவியின் அமைப்பு மிக எளியது. சிறு காந்தத் துண்டுகள் சில, அவற்றைச் சுற்றித் தலைமயிரை ஒத்த செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள், அவ்வளவே. காந்தத்தின் அருகே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதியே இங்கும் தொழிற்படுகிறது. எழும் மின்சாரம் மிகச் சிறியது. அதனை ஆம்ப்ளிபயர் பெருக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. தம்புராவின் மந்தரப் பித்தளைத் தந்தியை இதன்மேல் கட்டினால் ஓசை பிறவாது. ஏனெனில் பித்தளையைக் காந்தம் அறியாது. இரும்பினத்தின் அசைவை மட்டுமே அறியும் செவி இது.

இச்செவியின் வரலாறு வானொலியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. பம்பாயில் வானொலி நிலையம் 1927ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் திறக்கப்பட்டது. வானொலிப் பெட்டியின் வால்வுகளைக் கொண்டே, சிறிய ஓசையைப் பெரிய ஓசையாக்கும் ஆம்ப்ளிபயர்களும் அக்காலத்தில் பெருகின. இசைத்தட்டின் ஊசியசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்புக்குப் பிக்அப் என்னும் பெயர் அதற்குள் வழங்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் என்னும் கித்தார்க் கலைஞர், தட்டின் ஓசையை எடுக்கும் கருவியால் தந்தியின் ஓசையையும் எடுக்கலாகாதோ என்று எண்ணினார். பல சோதனைகளுக்குப் பின், 1930களின் தொடக்கத்தில், அவரும் அடால்ப் ரிக்கன்பேக்கரும் முதல் மின்சாரக் கித்தார்களை விற்பனைக்குக் கொணர்ந்தனர். போஷாமுக்கு அதற்கான காப்புரிமை 1937ஆம் ஆண்டில் கிடைத்தது. அவர் தம் முதற் சுருளைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு சுற்றினார் என்று கூறுவர். பெரிய ஆய்வுக்கூடம் அன்று, வீட்டின் உணவு மேசையே இவ்வுறுப்புப் பிறந்த இடம் என்பது கருதத்தக்கது.

கித்தாருக்குச் செவி கிடைத்த பின்னரும், பேஸ் இசைக்கு வழி பிறக்கச் சிறிது காலம் சென்றது. அந்நாளில் இசைக்குழுக்களில் கீழ்ச் சுரங்களை ஒலித்தது டபுள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவி. அதனைத் தூக்கிச் செல்வது துன்பம். கொம்புக் கருவிகளின் முழக்கத்திடையே அதன் ஓசை கேட்பதும் அரிது. சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே தோளில் மாட்டக்கூடிய மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்தார். ஆயினும் அது பரவவில்லை. அதனைப் பரப்பிய பெருமை லியோ பெண்டரைச் சாரும். 1909இல் பிறந்த இவர் கணக்கர் வேலை பார்த்தவர். பின்பு 1938இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிறருடைய வானொலிகளையும் ஆம்ப்ளிபயர்களையும் திருத்தித் திருத்தி, எந்த உறுப்பு எளிதில் கெடும், எதனை எளிதில் மாற்றலாம் என்பதை நன்கு கற்றார். 1951ஆம் ஆண்டில் அவர் பிரசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல அதன் கழுத்திலும் மெட்டுகள் இருந்தமையால், சுரம் பிசகாது நின்றது. பிரசிஷன் என்ற பெயரும் அதனால் அமைந்தது.

பழுது பார்த்தவர் படைத்த கருவி அது. திருகாணிகளைக் கழற்றினால் கழுத்து தனியே வரும். மூடியைக் கழற்றினால் செவி தனியே வரும். ஓர் உறுப்பு கெட்டால் கருவி முழுவதையும் எறிய வேண்டுவதில்லை என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கிறது.

1957இல் பெண்டர் அச்செவியை மாற்றி அமைத்தார். நான்கு தந்திகளுக்கும் சேர்த்து ஒரே சுருள் என்றிருந்ததை, இரண்டிரண்டு தந்திகளுக்கு ஒன்றாக இரு சுருள்கள் ஆக்கினார். ஒரு சுருளின் காந்தமுனைக்கும் மற்றொன்றின் காந்தமுனைக்கும் திசை மாறியிருக்கும். சுருள்களின் இணைப்பும் எதிரெதிராக இருக்கும். இதனால் விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் வந்து புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக் கொள்ள, தந்தியின் ஓசை மட்டும் எஞ்சும். நமது நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறையும், அடுத்த தந்தி 55 முறையும் அதிர்கின்றன. மின்சாரத்தின் இரைச்சல் இவ்விரண்டுக்கும் இடையே வந்து அமர்ந்துகொள்கிறது. ஆதலால் இரைச்சலை அழிக்கும் இந்த இரட்டைச் சுருள் நம் ஊர் வாசிப்பவர்க்கு எத்துணைப் பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கருவிகள் பம்பாய்க்கு வந்த வகை வேறொரு கதை. அந்நாளைய விடுதிகளின் நடன அரங்குகளிலும் திரைப்பட இசைக் கூடங்களிலும் கோவாவைச் சேர்ந்த கலைஞர்கள் பலர் பணியாற்றினர். அவர்கள் முன்னர் வாசித்தது டபுள் பேஸ். 1960களில் மின்சாரப் பேஸ் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் 1956, 57ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1991ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றம் வரை அந்த இறுக்கம் பெரும்பாலும் நீடித்தது. அயல்நாட்டுக் கருவி வேண்டுவோர் கப்பலில் வருவோரையும் கடல் கடந்து சென்று திரும்பும் உறவினரையும் எதிர்நோக்க வேண்டியிருந்தது. கிடைத்த கருவி கெட்டால் மாற்று உறுப்பு கிடைப்பது அதனினும் அரிது. ஆகவே, வாசித்தவர்களே பழுதுபார்க்கவும் கற்றனர். நம் பெரியவர் வாழ்ந்தது அக்காலத்தில்தான். இளையராஜாவின் இசையில் 1980களில் பேஸ் கித்தார் தனக்கென ஒரு நடையோடு உலாவத் தொடங்கியபோது, பாண்டுப்பின் சிறு மேடையிலே அந்நடையைத் தம் விரல்களால் பின்பற்றிய களிப்பை அவர் இன்றும் மறக்கவில்லை. மிருதங்கத்தின் இடந்தலை ஒலி இல்லாவிடில் வலந்தலை எவ்வளவு தனித்துப் போகுமோ, அவ்வளவு தனித்துப் போயிற்றாம் குழுவின் பாட்டு, இக்கருவி ஓய்ந்த பின்.

இனி நோயைக் காண்போம். நோய் இன்னது, அதன் மூலம் இன்னது என்று ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் கூறியது உடலுக்கு மட்டும் அன்று, கருவிக்கும் பொருந்தும். கருவியைத் திறப்பதற்கு முன், திறவாமலே அறியக்கூடியவற்றை எல்லாம் அறிந்துவிட வேண்டும். முதலில் கேபிளை மாற்றினோம், பயன் இல்லை. அதே ஆம்ப்ளிபயரில் வேறொரு கித்தாரை இணைத்தோம். அது நன்கு முழங்கிற்று. ஆகவே குற்றம் கேபிளில் இல்லை, ஆம்ப்ளிபயரில் இல்லை, கருவிக்குள்ளேதான் என்பது தெளிவாயிற்று. ஒலியளவைக் கூட்டும் குமிழைத் திருகினோம். தூசியால் சிறிது கரகரத்தது, ஆனால் அது பெருங்குற்றம் அன்று. சிறிய திருப்புளியின் முனையால் காந்தங்களை மெல்லத் தொட்டோம். உயிருள்ள சுருளாயின் 'தொம்' என்று எதிரொலிக்க வேண்டும். இங்கோ நான்கு தந்திகளின் கீழும் அதே தகர ஓசை.

அடுத்து மல்டிமீட்டரை எடுத்தோம். கருவியில் செருகிய கேபிளின் மறுமுனையில், குமிழை முழுதும் திறந்துவைத்து, மின்தடையை அளந்தோம். இவ்வகைப் பிக்அப் நலமாக இருப்பின் ஏறத்தாழ 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். மீட்டர் காட்டியதோ 240 கிலோ ஓமுக்குச் சற்று மிகுதி. இந்த எண்ணே உண்மையைச் சொல்லிவிட்டது. அக்கருவியின் ஒலிக்குமிழ் 250 கிலோ ஓம் அளவினது. அதன் அளவு சிறிது கூடியும் குறைந்தும் இருப்பது இயல்பு. ஆகவே மீட்டர் அளந்தது குமிழை மட்டுமே. சுருளின் வழியே மின்சாரம் செல்லவே இல்லை. எங்கோ ஓரிடத்தில் கம்பி அறுந்திருக்கிறது.

ஆம்ப்ளிபயரின் இணைப்பை நீக்கிவிட்டு, தந்திகளைத் தளர்த்தி, மூடியைக் கழற்றினோம். கம்பிகள் இருந்த நிலையை முதலில் தாளில் வரைந்துகொண்டோம். இவ்வொரு செயல் பின்னால் வரும் பல துன்பங்களைத் தடுக்கும். ஈயப்பற்றை இளக்கி இரு சுருள்களையும் தனித்தனியே அளந்தோம். ஒன்று 5.3 கிலோ ஓம் காட்டிற்று, குறையில்லை. மற்றொன்றில் முள் அசையவே இல்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை ஆதலின், ஒன்று அறுந்ததும் நான்கு தந்திகளும் ஒருசேர ஊமையாயின. சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் சங்கிலி முழுவதும் அற்றது போலத்தான்.

அறுந்தது எங்கே? சுருளின் வெளிமுனையில் அறுந்திருந்தால், ஒரு சுற்றை அவிழ்த்து மீண்டும் பற்றவைத்துவிடலாம். அங்கே குறை இல்லை. உள்முனை காந்தத்தை ஒட்டிச் செல்லும் இடத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அக்காலத்தில் கம்பியைக் காந்தத்தின்மேலேயே நேராகச் சுற்றினர். இடையே அரக்குப் பூச்சு மட்டுமே காப்பு. ஆண்டுகள் பல கழிய, அப்பூச்சு வெடித்து, காந்தத்தின் இரும்பு துருவேறி, மயிரிழைக் கம்பியை அரித்துவிட்டது. அடியில் வைத்திருந்த ரப்பர்ப் பஞ்சும் மக்கி ஈரத்தைத் தேக்கிக்கொண்டிருந்தது. உப்பளக் காற்று, நான்கு மாத மழை, மேடையில் வாசிப்பவரின் வியர்வை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களை அறிந்தவர்களுக்கு, அக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

பாண்டுப்பில் மோட்டார்களுக்குச் சுருள் சுற்றும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் அவர். நாள்தோறும் விசிறிகளுக்கும் நீரிறைக்கும் மோட்டார்களுக்கும் செப்புக் கம்பி சுற்றுபவர். கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்த அவர், "எங்கள் கம்பி இதன்முன் வடக்கயிறு போன்றது, ஆனால் நோய் ஒன்றுதான், ஈரம் உள்முனையைத்தான் முதலில் தின்னும்" என்றார். போஷாமின் உணவு மேசையும் பெண்டரின் வானொலிக் கடையும் அப்பொழுது நமக்கு அயலிடங்களாகத் தோன்றவில்லை. பெண்டரின் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்னும் பெண்மணி, கையாலேயே கம்பியை நடத்திச் சுருள் சுற்றியமைக்காகவே உலகெங்கும் புகழ்பெற்றார். 2013இல்தான் ஓய்வு பெற்றார். சுற்றும் கையின் பக்குவம் ஓசையில் தெரியும் என்பது கலைஞர்களின் துணிபு.

இனி மருத்துவம். அறுந்த சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றலாம். அல்லது புதிய பிக்அப் வாங்கிப் பொருத்தலாம். முதல்வழி பழைய கம்பியை அழித்துவிடும். இரண்டாவது வழியே தக்கது என்று பெரியவரும் நாமும் முடிவு செய்தோம். ஒரு பாதியை மட்டும் மாற்றுவதும் கூடாது என்று கண்டோம். புதியதன் சுற்றின் திசை பழையதோடு இசையாவிடில், அழிய வேண்டிய இரைச்சல் அழியாமல் பெருகும். எனவே இரு பாதிகளும் சேர்ந்த இணையொன்றை வாங்கினோம். திசைகாட்டி ஊசியை அருகில் பிடித்து, இரு பாதிகளின் முனைகளும் மாறியிருப்பதை உறுதி செய்துகொண்டோம். வரைந்து வைத்த தாளின்படி கம்பிகளைப் பற்றவைத்தோம். சூடு மிகுந்தால் மெல்லிய கம்பி கெடும் ஆதலால் விரைந்து முடித்தோம். தந்திகளைத் தாங்கும் பாலத்திலிருந்து வரும் தரைக்கம்பியும் அதன் இடத்தில் சேர்ந்தது. மக்கிய பஞ்சை நீக்கிப் புதியதை வைத்தோம். காந்தம் தந்திக்கு மிக நெருங்கினால் தந்தியைப் பிடித்திழுத்துச் சுரத்தைக் கலக்கும்; மிக விலகினால் ஓசை மெலியும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு திருகாணிகளைச் சரிசெய்தோம். கேபிளின் முனையில் மீட்டரை வைத்தபோது 10 கிலோ ஓம் காட்டிற்று.

பழைய இணையை எறியவில்லை. அடித்தகட்டில் மங்கிய மையால் எழுதிய தேதியும் இரு எழுத்துகளும் காணப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதனைச் செய்த யாரோ ஒருவரின் அடையாளம் அது. அளந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி, இணையோடு சேர்த்து ஈரம் புகாத டப்பாவில் வைத்துப் பெரியவரிடம் கொடுத்தோம். ஒரு பாதி இன்னும் நலமாகவே இருக்கிறது. மற்றப் பாதியை உரிய கம்பியும் உரிய கையும் கிடைக்கும் நாளில் மீண்டும் சுற்றலாம். அதுவரை அது காத்திருக்கும்.

தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்துப் பெரியவர் மீட்டியபோது, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிறிது நேரம் அவர் ஒரே சுரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு வணிகருக்குத் தொலைபேசியில் அழைத்து, "மரம் விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.